கைடு போர்ட் இல்லாத தொலைநோக்கியில் ஆட்டோகைடிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒருமுறை, நிலா இல்லாத இரவாகப் பார்த்து, நாங்கள் சிலர் ஒரு மொட்டைமாடியில் தொலைநோக்கிகளோடு கூடுவது வழக்கம். புதிதாக வருபவர்களில் பலர், மவுண்டை (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் பீடத்தை) வாங்கி ஓராண்டு கழித்து, அதன் பின்புறத்தை டார்ச் அடித்துத் தேடிவிட்டு, ‘இதில் கைடு போர்ட்டே இல்லையே’ என்று முகம் வாடுகிறார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களே இவை. நீண்ட நேரப் படம் எடுக்கும்போது, கைடு கேமரா என்னும் தனிச் சிறு கேமரா ஒரு நட்சத்திரத்தைக் கண்காணிக்க, மவுண்டின் சிறு பிழைகளைக் கணினி தானே திருத்துவதுதான் ஆட்டோகைடிங், சுருக்கமாகக் கைடிங். அந்தத் திருத்தம் மவுண்டுக்குள் நுழைவதற்கான துளையே கைடு போர்ட். கோண அளவுகளுக்கு நம் பழைய சொற்களையே கையாண்டிருக்கிறேன்: ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. முழு நிலவின் அகலம் ஏறத்தாழ 30 கலை.

மவுண்ட் தானாகவே நட்சத்திரத்தைப் பின்தொடர்கிறதே, அப்புறம் எதற்கு கைடிங்?

பூமி சுழல்வதால் வானம் விநாடிக்குச் சுமார் 15 விகலை நகர்கிறது. 650 மி.மீ. குவியத் தூரம் கொண்ட ஒரு தொலைநோக்கியில் 3.9 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவைப் பொருத்தினால், ஒரு பிக்சலுக்குள் 1.24 விகலை வானம்தான் அடங்கும். அதாவது மோட்டாரை நிறுத்திவிட்டால் ஒரே விநாடியில் நட்சத்திரம் 12 பிக்சல் ஓடிவிடும். மோட்டார் இந்த ஓட்டத்தை ஈடுகட்டுகிறது என்பது உண்மை; ஆனால் எவ்வளவு சீராக ஈடுகட்டுகிறது என்பதுதான் கேள்வி.

மவுண்டுக்குள் இருக்கும் வார்ம் கியர் (வார்ம் என்னும் திருகுத் தண்டு ஒரு பெரிய பல் சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு) எந்த விலையிலும் முழு வட்டமாக அமைவதில்லை. ஈக்யூ5 என்னும் மவுண்ட் வகையில் பெரிய சக்கரத்துக்கு 144 பற்கள். எனவே வார்ம் ஒரு சுற்றுச் சுற்றி முடிக்க 598 விநாடி ஆகிறது. அந்தப் பத்து நிமிடத்துக்குள் நட்சத்திரம் முன்னும் பின்னுமாக ஒருமுறை ஊசலாடிவிட்டு வரும். ஊசலின் வீச்சு 20 விகலை என்று வைத்துக்கொண்டாலும், மேலே சொன்ன கேமராவில் அது 16 பிக்சல் நீளக் கோடு. கைடிங் இந்த ஊசலைக் கண்காணித்து, அது வளரும் முன்பே தட்டி அடக்குகிறது.

நான் 30 விநாடிப் படங்கள்தான் எடுக்கிறேன். எனக்கும் தேவையா?

200 மி.மீ. லென்ஸ் வைத்து 30 விநாடி எடுப்பவருக்குத் தேவையில்லை. நூறு படம் எடுத்து, நீண்டுபோன பத்தைத் தள்ளிவிட்டு, மீதியை மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் போதும். தள்ள வேண்டியவை பாதியைத் தாண்டும்போது இந்தப் பக்கத்துக்குத் திரும்பி வாருங்கள்.

கைடு போர்ட் என்றால் என்ன? அது கட்டாயமா?

கட்டாயமில்லை. அந்தத் துளைக்கு எஸ்டி-4 என்று பெயர். எஸ்பிஐஜி என்ற அமெரிக்க நிறுவனம் விற்ற ஒரு பழைய தானியங்கிக் கருவியின் பெயர் அது. கருவி மறைந்து பல ஆண்டுகள் ஆகியும் அதன் பெயர் துளையின் பெயராக நிலைத்துவிட்டது. பார்வைக்குப் பழைய தொலைபேசிச் செருகி போல, ஆறு ஊசிகளோடு இருக்கும். உள்ளே இருப்பவை நான்கு திசைகளுக்கு நான்கு கம்பிகளும் ஒரு பொதுக் கம்பியும். ஒரு திசைக் கம்பியைப் பொதுக் கம்பியோடு இணைத்தால் மவுண்ட் அந்தத் திசையில் நகரும்; பிரித்தால் நிற்கும். இருட்டில் ஒருவர் உட்கார்ந்து பொத்தானை அமுக்கி அமுக்கி விடுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

போர்ட் இல்லாவிட்டால் திருத்தம் எப்படி மவுண்டுக்குப் போய்ச் சேரும்?

மவுண்டைக் கணினியோடு இணைக்கும் கேபிள் வழியாகவே போகும். இதற்குப் பல்ஸ் கைடிங் என்று பெயர். விண்டோஸில் ஆஸ்காம், லினக்ஸில் இண்டி என்னும் இடைநிலை மென்பொருள்கள் இருக்கின்றன. மவுண்டுக்கு உரிய டிரைவரை அவற்றில் நிறுவிவிட்டால், பிஎச்டி2 என்ற இலவச மென்பொருள் ‘மேற்கே இத்தனை மில்லிவிநாடி’ என்று நேரடியாகக் கட்டளை அனுப்பும்.

ஒரு திருத்தத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். கைடு கேமரா 2 விநாடிக்கு ஒரு படம் எடுக்கிறது. நட்சத்திரத்தின் மையம் இருக்க வேண்டிய இடத்திலிருந்து 1 விகலை விலகியிருப்பதாக மென்பொருள் கணக்கிடுகிறது. கைடு வேகம் (திருத்தத்தின்போது மவுண்ட் நகரும் வேகம்) வான ஓட்டத்தில் பாதி, அதாவது விநாடிக்கு 7.5 விகலை என்றால், 1 விகலையைச் சரிக்கட்ட 133 மில்லிவிநாடி வேண்டும். ஆனால் காற்றின் நடுக்கமும் அந்த விலகலில் கலந்திருக்கும் என்பதால், மென்பொருள் அதில் 70 விழுக்காட்டை மட்டும் நம்பி, 93 மில்லிவிநாடிக் கட்டளை அனுப்புகிறது. அடுத்த 2 விநாடியில் மறுபடியும் இதே கணக்கு, இரவு முழுவதும்.

போர்ட் உள்ள மவுண்டை விட இது மட்டமானதா?

மட்டமில்லை, என் அனுபவத்தில் மேலானது. போர்ட் வழியாகச் செல்லும் குறிப்புக்கு (சிக்னலுக்கு) கண் கிடையாது: தொலைநோக்கி வானத்தின் எந்தப் பகுதியை நோக்குகிறது என்பது பிஎச்டி2-க்குத் தெரிய வழியில்லை. வான நடுவரையில் (பூமத்தியரேகைக்கு நேர் மேலே உள்ள வானக் கோட்டில்) ஒரு விகலை நகர்த்தும் அதே ஆர்.ஏ. (வான ஓட்டத்தைப் பின்தொடரும் கிழக்கு-மேற்கு அச்சு) கட்டளை, டெக் (நடுவரையிலிருந்து வடக்கு-தெற்காக அளக்கும் கோணம்) 60 பாகையில் அரை விகலை மட்டுமே நகர்த்தும். டிரைவர் வழியாக இணைத்திருந்தால் மென்பொருள் இருப்பிடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தானே அளவை மாற்றிக்கொள்ளும். ஒருமுறை செய்த காலிப்ரேஷனை (எந்தக் கட்டளைக்கு நட்சத்திரம் எந்தப் பக்கம், எவ்வளவு நகர்கிறது என்று தொடக்கத்தில் அளந்துகொள்வதை) பல இரவுகள் பயன்படுத்தலாம். போர்ட் இருக்கும் மவுண்டிலும் நான் அதில் கேபிள் செருகுவதில்லை.

என் மவுண்டுக்கு இது பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போர்ட்டைத் தேடுவதை விட்டுவிட்டு இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எந்தெந்த அச்சில் மோட்டார் இருக்கிறது? அந்த மோட்டாரோடு கணினி பேச வழி இருக்கிறதா? இரண்டு அச்சிலும் மோட்டார் உள்ள கோ-டூ மவுண்ட் (கேட்ட பொருளை நோக்கித் தானே திரும்புவது) என்றால் ஏறத்தாழ எல்லாமே ஒரு கேபிளில் முடிந்துவிடும். ஆர்.ஏ. மோட்டார் மட்டும் இருந்தாலும், பொத்தான் ரிமோட் மட்டும் இருந்தாலும், ஆல்ட்-அசிமத் மவுண்டாக (மேல்-கீழாகவும் இட-வலமாகவும் திரும்புவதாக) இருந்தாலும் கீழே தனித்தனியே சொல்லியிருக்கிறேன். மோட்டாரே இல்லாமல் கையால் திருகும் மவுண்டில் கைடிங் என்ற பேச்சுக்கே இடமில்லை.

கோ-டூ மவுண்ட்தான் வைத்திருக்கிறேன். எந்த கேபிள் வாங்க வேண்டும்?

ஸ்கைவாட்சர் வகை மவுண்டுகளுக்கு ஈக்யூடிர் எனப்படும் யூஎஸ்பி கேபிள். கைக் கருவியை (மவுண்டை இயக்கும் பொத்தான் பெட்டியை) கழற்றிவிட்டு அதே துளையில் இதைச் செருகி, ஈக்யூமாட் டிரைவரை நிறுவினால் போதும். கைக் கருவியையே இடையில் வைத்துக்கொண்டு, அதன் மெனுவில் ‘பிசி டைரக்ட்’ நிலையைத் தேர்ந்தெடுத்து இணைப்பதும் உண்டு. ஈக்யூ6-ஆர் புரோ போன்ற சில மவுண்டுகளில் யூஎஸ்பி துளை உடம்பிலேயே இருக்கிறது. அச்சுக் கருவிக்குப் போடும் சாதாரண கேபிளே அதற்குப் பொருந்தும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மவுண்டின் துளை டிடிஎல் எனப்படும் 5 வோல்ட் குறிப்புகளைத்தான் எதிர்பார்க்கிறது. பழைய கணினிகளின் ஆர்எஸ்-232 (சீரியல் போர்ட்) கேபிளின் மின்னழுத்தம் அதைவிட மிகுதி. செருகி பொருந்துகிறது என்பதற்காக அதை நேரே செருகினால் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகை கருகும். எங்கள் மாடியில் ஒருவர் வீட்டில் கிடந்த கேபிளைச் செருகி, ‘ஏதோ தீய்கிற வாடை வருகிறதே’ என்று கேட்ட இரவை யாரும் மறக்கவில்லை. எட்டு ஊசித் துளையைப் பார்த்து இணைய கேபிள் என்று எண்ணி மடிக்கணினியின் லேன் துளையோடு இணைப்பதும் அதே தவறுதான். கைக் கருவிக்கான 12 வோல்ட் மின்சாரமும் அந்தத் துளையில் இருக்கிறது.

கேபிளே வேண்டாம், வைஃபையில் செய்யலாமா?

செய்யலாம். ஸ்கைவாட்சரின் ஏஇசட்-ஜிடிஐ போன்ற சிறிய மவுண்டை ஈக்யூ முறைக்கு (ஓர் அச்சு வான துருவத்தை நோக்கும் முறைக்கு) மாற்றிப் பயன்படுத்துபவர்கள் வைஃபை வழியாகவே பல்ஸ் கைடிங் செய்கிறார்கள். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டு வைஃபைகளுக்கு நடுவே இணைப்பு அறுந்தால், அறுந்த நேரம் முழுவதும் திருத்தம் இல்லை. முதல் நாள் சோதனைக்கு வைஃபை, அதற்கு மேல் கேபிள் என்பது என் எண்ணம்.

என்னிடம் ஆர்.ஏ. மோட்டார் மட்டும்தான் இருக்கிறது. பயன் உண்டா?

உண்டு. முதல் பதிலில் சொன்ன ஊசல் முழுவதும் ஆர்.ஏ. அச்சில்தான் நிகழ்கிறது. பிஎச்டி2-இல் டெக் கைடிங்கை ‘ஆஃப்’ என்று வைத்துவிட்டு ஆர்.ஏ. அச்சை மட்டும் திருத்தச் சொல்லலாம்.

ஆனால் டெக் அச்சில் திருத்துவதற்கு ஆள் இல்லை என்பதால், போலார் அலைன்மென்ட் (மவுண்டின் அச்சை, வானம் சுற்றும் மையமான வான துருவத்தை நோக்கி நிறுத்துவது) அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். மவுண்டின் அச்சு வான துருவத்திலிருந்து 5 கலை விலகியிருந்தால், நட்சத்திரம் டெக் திசையில் நிமிடத்துக்கு அதிகபட்சம் 1.3 விகலை நழுவும். மூன்று நிமிடப் படத்தில் ஏறத்தாழ 4 விகலை, அதாவது 3 பிக்சல். விலகலை 1 கலைக்குக் குறைத்தால் அதே மூன்று நிமிடத்தில் நழுவல் ஒரு விகலைக்கும் கீழே போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. கூடுதலாக அரை மணி நேரம் அலைன்மென்ட்டில் செலவிடுவது இரண்டாவது மோட்டார் வாங்குவதை விட மலிவு.

கணினி இணைப்பே இல்லாத, நான்கு பொத்தான் ரிமோட் உள்ள மோட்டார் செட் என்னுடையது. வழி இருக்கிறதா?

இருக்கிறது, பற்றவைப்புக் கருவி (சோல்டரிங் அயர்ன்) பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ரிமோட்டைத் திறந்தால், ஒவ்வொரு பொத்தானும் இரண்டு முனைகளை இணைக்கும் சாதாரண ஸ்விட்ச் என்பது தெரியும். மல்டிமீட்டரை வைத்து, நான்கு பொத்தானுக்கும் பொதுவான முனை ஒன்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு ஒவ்வொரு பொத்தானுக்கும் இணையாக ஓர் ஆப்டோகப்ளரை (ஒளியால் இயங்கும் சிறு மின்னணு ஸ்விட்சை) பற்றவைத்து, அவற்றை ஒரு ஆர்டுயினோவால் (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணுப் பலகையால்) இயக்கலாம். யூஎஸ்பி-யிலிருந்து எஸ்டி-4 குறிப்பு தரும் ஆயத்தக் கருவிகளும் உள்ளன. இல்லாத கைடு போர்ட்டை நீங்களே செய்துவிட்டீர்கள் என்று பொருள்.

ரிமோட்டின் வேகத்தை மிகக் குறைந்த 2 மடங்கு நிலையில் வையுங்கள். அந்த நிலையில் ஒரு பொத்தான் மோட்டாரை இரு மடங்கு வேகத்தில் ஓட்டும், எதிர்ப் பொத்தான் நிறுத்திவிடும். ஆக, திருத்த வேகம் விநாடிக்கு 15 விகலை. ஒரு விகலைத் திருத்தத்துக்கு 67 மில்லிவிநாடி போதும் என்பதால், டிக்டிக் என்று மெதுவாக விழும் ரிலேயை (மின்காந்த ஸ்விட்சை) விட ஆப்டோகப்ளர் இதற்கு உகந்தது. 8 மடங்கு நிலையில் மறந்து வைத்துவிட்டால் நட்சத்திரம் பந்து போல இங்குமங்கும் துள்ளும்.

வேகத்தைக் குமிழ் திருகி மாற்றும் மோட்டார் செட் என்றால் அதை மெனக்கெட்டு மாற்றாதீர்கள். அதைக் கழற்றிவிட்டு, இரண்டு ஸ்டெப்பர் மோட்டார்களும் ஆன்ஸ்டெப் என்ற திறந்தமூலக் கட்டுப்பாட்டுப் பலகையும் போட்டுக்கொண்டால், பழைய மவுண்ட் கோ-டூ மவுண்டாகவே மாறிவிடும். பல்ஸ் கைடிங்கும் அதோடு வந்துவிடும். சில வார இறுதிகள் போகும் என்பதை வீட்டில் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

ஆல்ட்-அசிமத் கோ-டூ மவுண்டில் கைடிங் செய்தால் ஐந்து நிமிடப் படம் எடுக்கலாமா?

முடியாது. கைடிங் ஒரு நட்சத்திரத்தைத்தான் ஓரிடத்தில் நிறுத்தும். அதைச் சுற்றிப் படம் முழுவதும் சுழல்வதை அதனால் தடுக்க இயலாது. சென்னையில் வடக்குப் பக்கம் 45 பாகை உயரத்தில் உள்ள ஒரு பொருள் மணிக்கு ஏறத்தாழ 20 பாகை வீதம் சுழலும். 30 விநாடியிலேயே, படத்தின் நடுவிலிருந்து 3000 பிக்சல் தள்ளியிருக்கும் நட்சத்திரம் 9 பிக்சல் வளைந்துவிடும். நேர் கிழக்கிலும் நேர் மேற்கிலும் இந்தச் சுழற்சி மிகக் குறைவு என்பதால், ஆல்ட்-அசிமத் வைத்திருப்பவர்கள் பொருள் அந்தத் திசைகளில் இருக்கும்போது 15, 20 விநாடிப் படங்களாக எடுத்து அடுக்குவது நல்லது. அதற்கு மேல் வேண்டுமென்றால், மவுண்ட் அனுமதித்தால், வெட்ஜ் (மவுண்டைச் சாய்த்து நிறுத்தும் ஆப்பு வடிவத் தாங்கி) பொருத்தி ஈக்யூ முறைக்கு மாறலாம்.

எங்கள் வீட்டிலிருந்து துருவ நட்சத்திரமே தெரிவதில்லை. அலைன்மென்ட் எப்படிச் செய்வது?

நம் ஊர்ப்பக்கத்தில் கைடு போர்ட்டை விடப் பெரிய தலைவலி இதுதான். துருவ நட்சத்திரத்தின் உயரம் ஏறத்தாழ உங்கள் ஊரின் அட்சரேகை. வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூரில் அது சுமார் 12.5 பாகை; யாழ்ப்பாணத்தில் 10 பாகையைத் தொடாது; நாகர்கோவிலில் 8 பாகைக்குச் சற்று மேல்; சிங்கப்பூரில் அடிவானத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைக்கப் போதும்.

நீனா என்ற வானியல் படப்பிடிப்பு மென்பொருளில் ‘மூன்று புள்ளி’ அலைன்மென்ட் என்றொரு இணைப்புக் கருவி இருக்கிறது. துருவம் தெரிய வேண்டியதில்லை. வானத்தின் எந்தத் திறந்த பகுதியிலும் ஆர்.ஏ. அச்சைச் சுழற்றி மூன்று படம் எடுத்து, நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று அது கணக்கிட்டுவிடும். கோ-டூ இல்லாதவர்களுக்குப் பழைய டிரிஃப்ட் முறையே துணை: தெற்கே உச்சிக் கோட்டின் (தலைக்கு மேலே வடக்கு-தெற்காகச் செல்லும் கோட்டின்) அருகில் நடுவரையை ஒட்டிய நட்சத்திரம் டெக் திசையில் நழுவினால் மவுண்டை இடம் வலமாகத் திருப்ப வேண்டும், கிழக்கில் உள்ள நட்சத்திரம் நழுவினால் மேலும் கீழுமாகச் சாய்க்க வேண்டும். பிஎச்டி2-இல் இதற்கென ஒரு கருவியே உண்டு.

இன்னொன்று: 10 பாகை உயரத்தில் காற்றுமண்டல ஒளிவிலகல் நட்சத்திரத்தை 5 கலைக்கு மேல் தூக்கிக் காட்டுகிறது. கண்ணுக்குத் தெரியும் துருவ நட்சத்திரத்தை நம்பி அலைன் செய்தால் அந்த 5 கலையும் பிழையாகிறது. ஆர்.ஏ. மோட்டார் மட்டும் உள்ளவர்களுக்கு 5 கலை என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தோம்.

கைடு ஸ்கோப்பும் கேமராவும் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

கைடு ஸ்கோப் என்பது கைடு கேமராவைப் பொருத்தும் துணைத் தொலைநோக்கி. பலரும் நினைப்பதை விடச் சிறிதாக இருந்தால் போதும். 50 மி.மீ. விட்டமும் 200 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட கைடு ஸ்கோப்பில் 3.75 மைக்ரான் பிக்சல் கேமரா வைத்தால், ஒரு பிக்சல் 3.9 விகலை. நட்சத்திரத்தின் மையத்தை மென்பொருள் ஒரு பிக்சலின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கணிக்கும் என்பதால், 1.24 விகலைப் பிரதான கேமராவுக்கு இது தாராளம். கணக்கு எளியது: பிக்சல் மைக்ரானை 206 ஆல் பெருக்கி, குவியத் தூர மி.மீட்டரால் வகுத்தால் விகலை. கறுப்பு-வெள்ளை கேமராவாகப் பார்த்து வாங்குங்கள். மேசையில் கிடக்கும் பழைய வெப்கேமுக்கு மங்கலான நட்சத்திரங்கள் தெரியாது.

காலிப்ரேஷனில் ‘நட்சத்திரம் போதுமான அளவு நகரவில்லை’ என்று வருகிறது. என்ன செய்வது?

இரவை வீணாக்காமல் பகலில் சோதியுங்கள். பிஎச்டி2-இல் மவுண்டை இணைத்து, ‘மேனுவல் கைடு’ சாளரத்தில் 2000 மில்லிவிநாடி என்று இட்டு வடக்குப் பொத்தானை அழுத்திவிட்டு, மவுண்டின் மேல் காதை வையுங்கள். அதுவரை மௌனமாக இருந்த டெக் மோட்டார் இரண்டு விநாடி மெல்ல முனகி அடங்க வேண்டும். மேற்கை அழுத்தினால் ஆர்.ஏ. மோட்டாரின் ஒலி சற்று மாற வேண்டும். எதுவுமே கேட்கவில்லை என்றால், பெரும்பாலும் மவுண்ட் பட்டியலில் ‘ஆன்-கேமரா’ என்று இருக்கும். அது போர்ட் உள்ளவர்களுக்கான தேர்வு. நீங்கள் உங்கள் ஆஸ்காம் அல்லது இண்டி டிரைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தப் பக்கத்துக்கு வருபவர்களில் பாதிப் பேருடைய சிக்கல் இங்கேயே தீர்ந்துவிடும்.

மோட்டார் ஒலித்தும் நட்சத்திரம் அசையாவிட்டால், டிரைவரில் கைடு வேகத்தைப் பாருங்கள். 0.1 என்று இருந்தால் 0.5-க்கு உயர்த்துங்கள். டெக் மட்டும் அடம்பிடித்தால் பற்களுக்கு இடையிலான தளர்ச்சி காரணம். திசை மாறும் ஒவ்வொரு முறையும் அந்தத் தளர்ச்சியைக் கடக்கும் வரை அச்சு நகராது. அத்தகைய மவுண்டில், நழுவும் திசைக்கு எதிரான ஒரே பக்கம் மட்டும் டெக்கைத் திருத்தச் சொல்வது நல்லது.

பிஎச்டி2-இன் கைடிங் வரைபடம் சீராக இருக்கிறது, ஆர்எம்எஸ் (சராசரிப் பிழை) 0.8 விகலை என்கிறது. படத்தில் மட்டும் நட்சத்திரம் நீள்கிறதே?

கைடு ஸ்கோப் பார்ப்பதை மென்பொருள் சரியாகவே பிடித்து வைத்திருக்கிறது. பிரதானத் தொலைநோக்கி அதோடு சேர்ந்து அசையவில்லை என்பதுதான் கோளாறு. இரண்டில் ஒன்று மெல்லத் தொங்குகிறது. ஒரு மணி நேரப் படங்களை வரிசையாக ஓட்டிப் பாருங்கள்: நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே திசையில் சீராக நகர்ந்துகொண்டே போனால் அது இதுவேதான். தொடக்க நிலை நியூட்டோனியன்களில் (குழி ஆடித் தொலைநோக்கிகளில்) கேமராவின் எடை தாங்காமல் ஃபோகஸர் (கேமராவைப் பொருத்திக் குவியம் சரிசெய்யும் குழாய்) சாய்வதே பொதுவான காரணம். ஃபைண்டர் (இலக்கைத் தேடும் சிறு தொலைநோக்கி) பொருத்தும் காலில் செருகிய கைடு ஸ்கோப்பின் தளர்ந்த திருகு அடுத்தது. தொங்கும் கேபிள்களைக் கட்டி வைப்பதும் உதவும்.

தொலைநோக்கியைப் பக்கம் மாற்றிய பிறகு டெக் கைடிங் தலைதெறிக்க ஓடுகிறது. ஏன்?

உச்சிக் கோட்டைத் தாண்டும்போது மவுண்ட் புரண்டு மறுபக்கம் வருகிறது. அப்போது கைடு கேமராவின் பார்வையில் வானம் தலைகீழாகிவிடுகிறது. டிரைவர் வழியாக இணைத்திருந்தால் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதை பிஎச்டி2 அறிந்து காலிப்ரேஷனைத் தானே புரட்டிக்கொள்ளும். ஆயினும் சில மவுண்டுகள் பக்கம் மாறும்போது டெக் கட்டளையின் திசையையும் தாமாகவே மாற்றிவிடுகின்றன, சில மாற்றுவதில்லை. ஒரே வேலையை இருவரும் செய்தாலோ, இருவருமே செய்யாவிட்டாலோ, ஒவ்வொரு திருத்தமும் பிழையைப் பெருக்கும்.

கூடுதல் அமைப்புகளில் ‘பக்கம் மாறிய பின் டெக் திசையைத் திருப்பு’ என்ற பெட்டி இதற்காகவே இருக்கிறது. ஒருமுறை டிக் வைத்தும் ஒருமுறை எடுத்தும் பார்த்து, எது சரி என்பதைக் காகிதத்தில் எழுதி மவுண்டின் பெட்டியில் ஒட்டிவையுங்கள். பொத்தான் ரிமோட்டை மாற்றியமைத்தவர்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்கள் பக்கம் மாற்றியதும் புதிதாகக் காலிப்ரேஷன் செய்துவிட வேண்டும், அதற்கு ஐந்து நிமிடம் போதும்.